கரைந்த உப்பு

சென்ற பெரிய வியாழனன்று மாலை, மரக்காணத்துப் பக்கத்தில் ஒரு சிறிய கோயிலில் உட்கார்ந்திருந்தேன். நான் கிறிஸ்தவன் அல்லன். ஒரு நண்பரின் அழைப்பின் பேரில் போனவன். கோயிலின் பெயரும் வேண்டாம், பிரசங்கம் செய்தவரின் பெயரும் வேண்டாம். அவர் நல்ல மனிதர். நான் சண்டைக்கு நிற்பது அவரோடு அல்ல, அவர் சொன்ன ஒரு கருத்தோடு. அந்தக் கருத்தை அவர் புதிதாகக் கண்டுபிடிக்கவும் இல்லை. நம் நாட்டில் மேடை ஏறிப் பேசுகிறவர்களில் பாதிப் பேர், எந்த மதத்தவரானாலும், என்றைக்காவது ஒரு நாள் அதைச் சொல்லித்தான் இருப்பார்கள்.

ஏசுநாதர் தம்மைச் சேர்ந்தவர்களை உப்புக்கு ஒப்பிட்டுப் பேசியது எல்லோருக்கும் தெரியும். பிரசங்கி அதை எடுத்துக்கொண்டு, எதிரே பாயில் அமர்ந்திருந்த உப்பளத்துப் பெண்களுக்குப் பொருத்தமாக வளைத்தார். உப்பு கஞ்சியில் கரைந்துபோகிறது, கண்ணுக்குத் தெரிவதில்லை, ஆனாலும் ருசி அதனால்தான். அப்படியே பெண்ணும் குடும்பத்தில் தன்னைக் கரைத்துக்கொள்ள வேண்டும். ‘நான்’ என்பது காணாமற் போகிற இடத்தில்தான் கடவுளின் கண்ணில் அவளுக்கு மதிப்பு உண்டாகிறது. இதுதான் அன்றையப் பிரசங்கத்தின் சாரம். பெண்கள் தலையில் போட்ட முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பிறகு பாதம் கழுவும் சடங்கு நடந்தது. பீடத்துக்கு முன்னால் நீளமான ஒரு பெஞ்சி. பன்னிரண்டு பேர் வந்து உட்கார்ந்தார்கள். பன்னிரண்டு பேரும் ஆண்கள். கால்களை வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டு வந்திருந்தார்கள் என்பது பார்த்ததுமே தெரிந்தது. பெண்கள் பக்கத்தில், ஓரமாக, ஐம்பதைத் தாண்டிய ஓர் அம்மாள் காலை ஒருக்களித்து அமர்ந்திருந்தார். புடவைக் கரைக்கு வெளியே அவருடைய பாதம் தெரிந்தது. குதிகாலில் விரலை நுழைக்கலாம் போன்ற வெடிப்புகள். அந்த வெடிப்புகளுக்குள்ளே வெள்ளையாக உப்பு. அந்தக் கோயிலில் கழுவப்பட வேண்டிய பாதம் ஒன்று இருந்தது என்றால் அது அதுதான். அது பெஞ்சிக்குப் போகவில்லை.

சனிக்கிழமை விடியற்காலையில் அந்த அம்மாளை உப்பளத்தில் பார்த்தேன்.

மரக்காணத்து உப்பளத்தை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. திண்டிவனத்திலிருந்து கிழக்கே முப்பது கிலோமீட்டருக்கு மேல் வர வேண்டும். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்கு உல்லாசமாகப் போகிறவர்கள் இதைத் தாண்டித்தான் போகிறார்கள். கார்க் கண்ணாடியை இறக்கி வெள்ளைக் குவியல்களைப் படம் பிடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இந்த ஊர்தான் என்று ஆராய்ச்சியாளர்கள் பலர் சொல்கிறார்கள். பக்கத்திலேயே கழுவெளி. அங்கே வந்திறங்கும் பறவைகளின் அருமையைச் சர்க்கார் உணர்ந்து 2021-ல் அதைச் சரணாலயமாக அறிவித்தது. பறவைகள் பாக்கியசாலிகள்.

மழைக்காலம் முடிந்து தை பிறந்ததும் பாத்திகளைச் செப்பனிடுகிறார்கள். தரையை மிதித்து இறுக்கி உவர்நீரைப் பாய்ச்சுகிறார்கள். பாத்திக்குப் பாத்தி மாறும்போது நீர் கனத்துக்கொண்டே வருகிறது. கடைசிப் பாத்தியில் வெயில் தண்ணீரைக் குடித்துவிட்டு உப்பை விட்டுவிட்டுப் போகிறது. நான் பார்த்த பாத்திகளில் ஆண்கள் நீண்ட கழியில் பூட்டிய பலகையால் உப்பை வாரி வரப்போரம் ஒதுக்கினார்கள். பெண்கள் அதைக் கூடையில் அள்ளி, சும்மாடு வைத்த தலையில் சுமந்து, மேட்டுக்குக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். வெயில் ஏறிவிட்டால் அந்த வெள்ளைத் தரை கண்ணைக் குத்தும். ஆகையால் இருட்டிலேயே வேலை ஆரம்பமாகிவிடுகிறது. ஈர உப்புக் கூடை என்ன கனம் இருக்கும் என்று தூக்கிப் பார்த்தேன். இடுப்புக்குமேல் அது எழும்பவில்லை. பெண்கள் சிரித்தார்கள்.

அந்த அம்மாளிடம், “பெரிய வியாழனன்று பெஞ்சியில் உங்களையும் உட்கார வைத்திருக்கலாமே?” என்றேன்.

“நம்ம காலையா? நல்லா சொன்னீங்க சார். சாமியாரு சொம்புத் தண்ணி பத்தாது, ஒரு பாத்தித் தண்ணி வேணும்” என்றார்.

“பிரசங்கம் எப்படி இருந்தது?”

அவர் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தார். “சாமியாரு நல்லவருதான் சார். ஆனா உப்பு அவருக்குத் தெரியாது. உப்பு எங்க சார் காணாம பூடுது? ஐப்பசி மழையில இத்தினியும் கரைஞ்சு பூடும், நெஞ்சே வெடிச்சுப்பூடும். திருப்பி வெய்யில் அடிச்சா அதே பாத்தியில வந்து குந்திக்கும். கரையறதுதான். காணாம பூடறது இல்ல.”

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். அந்த அம்மாளே சொல்லிவிட்டார். ஆனாலும் எதிர்த்தரப்பு வாதங்கள் இருக்கின்றன. அவற்றுக்குப் பதில் சொல்லாமல் விட்டால் அது கோழைத்தனம்.

முதல் வாதம் இது: “மதிப்பு என்பது ஆத்மாவைச் சேர்ந்தது. கடவுளின் முன் ஆணும் பெண்ணும் ஒன்று என்று கிறிஸ்தவம் சொல்லிவிட்டது. பெஞ்சியும் நாற்காலியும் கூலியும் வெறும் வெளி விஷயங்கள்.”

இந்த வாதத்தைச் சொல்கிறவர்கள் தங்கள் மதத்தின் சரித்திரத்தையே மறந்துவிட்டார்கள் என்பேன். தமிழ்ப் பெண்ணின் மனத்தில் ‘நானும் ஒரு மனுஷி’ என்ற எண்ணத்தைக் கிறிஸ்தவம் உண்டாக்கிய இடங்களிலெல்லாம் அதை வெளி விஷயங்களைக் கொண்டுதான் உண்டாக்கியது.

தென் திருவிதாங்கூரை எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைய கன்னியாகுமரி மாவட்டம். அங்கே நாடார் பெண்கள் மேல்ஜாதியார் முன்னிலையில் மார்பை மறைக்கக் கூடாது என்று இருந்தது. மதம் மாறிய பெண்கள் குப்பாயம் என்ற ரவிக்கையைப் போட்டுக்கொள்ள 1810-களில் கர்னல் மன்றோ அனுமதித்தார். அதற்காக அவர்களைச் சந்தையில் வழிமறித்து அடித்தார்கள், துணியைக் கிழித்தார்கள், கோயில்களைக் கொளுத்தினார்கள். 1829-ல் ஓர் அரச கட்டளை ரவிக்கைக்கு மேல் தோள்சீலையைத் தடுத்தது. 1858-லும் 1859-லும் மறுபடியும் கலகம். கடைசியில் 1859 ஜூலையில்தான் மகாராஜா உத்திரம் திருநாள் நாடார் பெண்கள் எல்லோரும் மார்பை மறைக்கலாம் என்று பிரகடனம் செய்தார். அப்போதும் மேல்ஜாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடுதான்! அரை நூற்றாண்டு காலம் அந்தப் பெண்கள் எதற்காக அடிபட்டார்கள்? ஒரு முழத் துணிக்காக. அவர்களிடம் போய், “அம்மா, மதிப்பு ஆத்மாவில் இருக்கிறது, ரவிக்கை வெளி விஷயம்” என்று யாராவது சொல்லியிருந்தால் என்ன பதில் கிடைத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதே நாகர்கோவிலில், 1820-களில், மார்த்தா மால்ட் என்ற பாதிரியாரின் மனைவி பெண் குழந்தைகளைச் சேர்த்துப் படிப்பும் லேஸ் பின்னலும் கற்றுக்கொடுத்தார். அந்தப் பெண்களில் பிறவி அடிமைகளும் இருந்தார்கள். பின்னல் விற்ற காசைக் கொடுத்துத் தங்கள் விடுதலையைத் தாங்களே வாங்கிக்கொண்டவர்கள் உண்டு. விடுதலையைப் பற்றிய ஆயிரம் பிரசங்கத்தைவிட அந்த நூல்கண்டு அவர்களுக்கு அதிகம் சொல்லியிருக்கும்.

அவ்வளவு தூரம் போவானேன்? மரக்காணத்துக்கு மேற்கே திண்டிவனம் இருக்கிறதே. 1890-களில் அங்கே ஓர் அமெரிக்க மிஷனரி டாக்டரின் மகள் தங்கியிருந்தாள். பெயர் ஐடா ஸ்கட்டர். ஊரைவிட்டுப் போய்விட வேண்டும் என்ற எண்ணத்தில் இருந்த இளம்பெண். ஓர் இரவில் மூன்று புருஷர்கள், ஒருவர் பின் ஒருவராக, அவள் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். மூவர் மனைவியருக்கும் பிரசவ வேதனை. ஆண் டாக்டரான அவளுடைய தகப்பனாரை அழைத்துப்போக மூவருக்கும் சம்மதமில்லை. அவளோ வைத்தியம் படித்தவள் அல்ல. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். வந்தவர்களில் பிராமணரும் இருந்தார், முஸ்லிமும் இருந்தார். மனைவியின் உயிரைவிடப் பெரிதாக ஒன்றைக் கருதியதில் மதபேதம் இல்லை. அந்த இரவுக்குப் பிறகு ஐடா அமெரிக்கா போய் வைத்தியம் படித்துத் திரும்பி வந்தாள். 1918-ல் வேலூரில் பெண்களுக்கென்றே ஒரு வைத்தியப் பள்ளியைத் திறந்தாள். 1947-ல்தான் அங்கே ஆண்களுக்கு இடம் கிடைத்தது. தன் விசுவாசத்தை அவள் எதில் காட்டினாள்? ஆயுதக் கத்தியிலும், மகப்பேற்று வார்டிலும், தமிழ்ப் பெண்களின் கையில் கொடுத்த டாக்டர் பட்டத்திலும் காட்டினாள். “கரைந்து போங்கள்” என்று அவள் அந்த மூன்று பெண்களுக்கும் இரங்கற்பா பாடிக்கொண்டிருக்கவில்லை.

இனி இரண்டாவது தரப்பு. இதைப் படிக்கும் நம்மவர்கள் சிலர் இதற்குள் மீசையை முறுக்கிக்கொண்டிருப்பார்கள்: “பார்த்தீர்களா? ரவிக்கைக்கும் ரொட்டிக்கும்தான் மதம் மாறினார்கள் என்று நாங்கள் அப்போதே சொன்னோமே!”

ஆமாம் ஐயா, ரவிக்கைக்குத்தான் மாறினார்கள். அதில் வெட்கப்பட வேண்டியது யார்? போட்டுக்கொண்டவளா, போடக் கூடாது என்று தடுத்தவனா? தன்னை மனுஷியாக நடத்துகிற இடத்தைத் தேடிப் போவது ஆன்மீகம் இல்லை என்றால், பின்னே எதுதான் ஆன்மீகம்? அதே காலத்தில், அதே சீமையில், வைகுண்ட சுவாமி தம் மக்களைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு கடவுளை வணங்கச் சொன்னார். அவர் கிறிஸ்தவர் அல்லர். ஆனால் மதிப்பு என்பதை உடம்பில் அணிந்து பார்க்க வேண்டும் என்ற சூட்சுமம் அவருக்கும் தெரிந்திருந்தது. பிரசங்கி சொன்ன கரைந்துபோகும் உபதேசத்தை நம் கதாகாலட்சேப மேடைகளில் நான் சிறுவயது முதல் கேட்டிருக்கிறேன். அங்கே உப்புக்குப் பதில் கற்பூரம். வேறு வித்தியாசம் இல்லை. ஆகவே நம்மவர்கள் மீசையை விட்டுவிட்டு மேலே படிக்கலாம்.

ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் எடுத்துக்கொண்ட கதையும் கிறிஸ்தவத்தில் இருக்கிறது. பாளையங்கோட்டையில் கிளாரிந்தா கட்டிய கோயிலை ஜனங்கள் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றார்கள். அவள் தஞ்சாவூர்ச் சீமையைச் சேர்ந்த பிராமண விதவை. உடன்கட்டையிலிருந்து அவளை லிட்டில்டன் என்ற ஆங்கில அதிகாரி காப்பாற்றினான் என்பது வழக்கு. இருவரும் சேர்ந்து வாழ்ந்தார்கள். அவள் ஞானஸ்நானம் கேட்டபோது, மணமாகாமல் ஒருவனோடு வாழ்கிறாள் என்று சுவார்ட்ஸ் பாதிரியார் மறுத்தார். லிட்டில்டன் இறந்த பிறகு 1778-ல்தான் கொடுத்தார். ஒரே வீட்டில் இரண்டு பேர் வாழ்ந்தார்கள். பாவம் மட்டும் ஒருத்தியின் கணக்கில் ஏறியது. ஆனால் அவள் கரைந்துபோகிற ரகம் அல்ல. 1780-ல் அந்தச் சபைப் பட்டியலில் இருந்த நாற்பது பேரில் முதல் பெயர் அவளுடையது. 1785-ல் கோயில் எழும்பியது. 1915-ல் அ. மாதவையா அவள் கதையை ஆங்கில நாவலாக எழுதினார். ஒரு நாவலாசிரியனுக்கு இதைவிட நல்ல கதாநாயகி கிடைக்க மாட்டாள்.

பிறகு சட்டம். 1869-ம் வருஷத்து விவாகரத்துச் சட்டப்படி, மனைவி சோரம் போனாள் என்று நிரூபித்தால் கிறிஸ்தவக் கணவனுக்கு விடுதலை. கணவன் சோரம் போனால் மனைவிக்கு அது மட்டும் போதாது. கூடவே கொடுமையோ, இரண்டு வருஷம் கைவிட்ட குற்றமோ வேறொன்று சேர வேண்டும். இங்கிலாந்து தன் நாட்டில் இந்த வித்தியாசத்தை 1923-ல் ஒழித்தது. நம் நாடாளுமன்றம் திருத்துவதற்கு 2001 ஆயிற்று. திருவிதாங்கூரில் 1916-ம் வருஷத்து வாரிசுச் சட்டம், தகப்பன் உயில் எழுதாமல் இறந்தால் மகளுக்கு மகனுடைய பங்கில் கால் பாகம், அல்லது 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது என்றது. மேரி ராய் என்ற பெண்மணி உச்ச நீதிமன்றம் வரை போய் 1986-ல் அதைச் செல்லாததாக்கினார். அந்தத் தீர்ப்பை எதிர்த்தவர்களில் மதகுருமாரும் இருந்தார்கள். கடவுளின் முன் சமம், காணி நிலத்தின் முன் கால் பங்கு!

நம் காலத்து எழுத்தாளர் பாமாவின் கதை இதற்கெல்லாம் மேல். தலித் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, ஏழைப் பிள்ளைகளுக்கு உதவலாம் என்று நம்பிக் கன்னியாஸ்திரீ ஆனவர். மடத்துக்குள்ளேயும் ஜாதி இருக்கிறது, ஏழைக்கு ஒரு நியாயம் பணக்காரருக்கு ஒரு நியாயம் இருக்கிறது என்று கண்டு 1992-ல் வெளியே வந்தார். அதே வருஷம் ‘கருக்கு’ வெளியாயிற்று. வேலையும் இல்லாமல் வீடும் இல்லாமல் தெருவில் நின்ற ஒரு பெண், தன் மதிப்பைத் தானே எழுதிக் கண்டுபிடித்தார். மடம் அவரைக் கரைக்கப் பார்த்தது. உப்பு மறுபடியும் வந்து பாத்தியில் குந்திக்கொண்டது.

நான் பார்த்த உப்பளத்து அம்மாளும் அதே நிலைமையில் இருப்பவர்தான். அவரும் பக்கத்து வீட்டுக்காரியும் ஒரே ஜாதி, ஒரே தெரு, ஒரே கூடை. பக்கத்து வீட்டுக்காரி இந்து. ஆகவே தாழ்த்தப்பட்டோர் சான்றிதழ் அவளுக்கு உண்டு. இவர் கிறிஸ்தவர், 1950-ம் வருஷத்து ஜனாதிபதி ஆணைப்படி இவருக்கு அது இல்லை. 1956-ல் சீக்கியரையும் 1990-ல் பௌத்தரையும் அந்த ஆணையில் சேர்த்தார்கள், கிறிஸ்தவரைச் சேர்க்கவில்லை. கிறிஸ்தவத்தில் ஜாதி கிடையாது என்பது சர்க்காரின் வாதம். கிடையாதுதான், புத்தகத்தில். 2008-ல் எறையூரில் தலித் கிறிஸ்தவர்கள் கோயிலில் சம உரிமை கேட்டதற்கு என்ன நடந்தது என்று இந்தப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆகவே இந்தப் பெண்ணைச் சர்க்கார் கிறிஸ்தவள் என்று தள்ளுகிறது, ஜாதி ஒரு பக்கம் தள்ளுகிறது, பெண் என்று பெஞ்சி தள்ளுகிறது. இத்தனை பேர் சேர்ந்து தள்ளியும் கரையாமல் நிற்கிறவளிடம் போய்க் கரைந்துபோ என்று உபதேசம் செய்ய ஒரு துணிச்சல் வேண்டும்.

பெஞ்சி சம்பந்தமாக இன்னொன்று. அந்தச் சடங்கு ஆண்களுக்கே உரியது என்பது இப்போது சட்டமும் அல்ல. காலஞ்சென்ற போப் பிரான்சிஸ் 2013-ல், பதவிக்கு வந்த சில வாரங்களுக்குள், ரோமில் ஓர் இளையோர் சிறைக்குப் போய்ப் பன்னிரண்டு பேருடைய பாதங்களைக் கழுவினார். அவர்களில் இரண்டு பேர் பெண்கள், ஒருத்தி முஸ்லிம். 2016 ஜனவரியில் சடங்கு விதியையே திருத்தி, பெண்களும் அமரலாம் என்றார். ரோமிலிருந்து அந்தச் செய்தி மரக்காணத்துக்கு இன்னும் நடந்து வந்துகொண்டிருக்கிறது போலும். தென்னிந்தியத் திருச்சபை இன்னும் ஒரு படி மேலே போய் 2013-ல் புஷ்பலலிதா என்ற பெண்மணியைப் பேராயராகவே ஆக்கிற்று. கூரை இடிந்து விழவில்லை.

விதியை விடுங்கள், மூல நூலையே பார்க்கலாம். ஏசுநாதர் சீடர்களுடைய பாதங்களைக் கழுவியது யோவான் எழுதிய சுவிசேஷத்தில் பதின்மூன்றாம் அதிகாரத்தில் வருகிறது. அதற்கு முந்திய அதிகாரத்தில் என்ன இருக்கிறது? மரியாள் என்ற பெண் விலையுயர்ந்த பரிமளத் தைலத்தை ஏசுநாதரின் பாதங்களில் பூசித் தன் கூந்தலால் துடைக்கிறாள். வீண் செலவு என்று ஒரு சீடன் முணுமுணுக்கிறான். ஏசுநாதர் அவனை அடக்குகிறார். சில நாள் கழித்து, தாமே துண்டைக் கட்டிக்கொண்டு குனிகிறார். ஒரு பெண் செய்து காட்டியதைத்தான் அவர் ஆண்களுக்குச் செய்து காட்டினார் என்று நான் வாசிக்கிறேன். தவறானால் பண்டிதர்கள் திருத்தட்டும். ஆனால் அந்தப் பெஞ்சியிலிருந்து பெண்ணை விலக்குகிறவர்கள், பாடம் நடத்திய ஆசிரியையைப் பள்ளிக்கூடத்துக்கு வெளியே நிறுத்துகிறார்கள் என்பதை மட்டும் நான் திருத்திக்கொள்ளப் போவதில்லை.

ஆக, என் கட்சி சுலபமானது. ஒரு பெண்ணின் மதிப்பை வாயால் சொன்னால் போதாது. அளந்து கொடுக்க வேண்டும். சமவேலைக்குச் சம கூலி என்று நாடாளுமன்றம் 1976-லேயே சட்டம் செய்தது. அந்த அம்மாளிடம் கூலியைக் கேட்டேன். “ஆம்பளைக்கு ஒண்ணு, எங்களுக்கு ஒண்ணு” என்றார். உப்பளத்தில் வேலையில்லாத மழை மாதங்களுக்கென்று தமிழக அரசு 2022-ல் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் கொடுக்கத் தொடங்கியது. அது கொஞ்சமானாலும் கையில் எண்ணிப் பார்க்கக் கூடிய மதிப்பு. பெண்களைப் பூமிக்கு உப்பு என்று புகழ்கிற பிரசங்கி, அடுத்த வாரம் அளத்துக்காரரைப் பார்த்து, “இந்த உப்பைச் சுமக்கிறவளுக்கு ஏன் கூலி குறைவு?” என்று ஒரு வார்த்தை கேட்கட்டும். சபைக் கணக்கு வாசிக்கும் கூட்டத்தில் அவளுக்கு ஒரு நாற்காலி போடட்டும். அதற்கப்புறம் உப்பைப் பற்றி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசட்டும். நான் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கிறேன்.

அகநானூற்றில் உப்பு விற்கும் ஒரு பெண் வருகிறாள். கை வளை குலுங்கத் தெருவில் போகிறவள், நெல்லுக்கும் உப்புக்கும் சரிக்குச் சரி என்று கூவுகிறாள். ஊரார் சொல்லும் விலைக்கு அவள் கரையவில்லை. ஈராயிரம் வருஷத்துக்கு முன்னால் இந்தக் கடற்கரை எங்கும் கேட்ட குரல் அது. அளவு தெரிந்த குரல்.

அடுத்த பெரிய வியாழனுக்கு நான் மறுபடியும் அந்தக் கோயிலுக்குப் போவதாக இருக்கிறேன். பிரசங்கத்தைக் கேட்பேனோ மாட்டேனோ. பெஞ்சியைக் கட்டாயம் எண்ணிப் பார்ப்பேன்.